குடவோலை என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றிப் பேசாத மேடை நம் மாவட்டத்தில் கிடையாது. பள்ளி ஆண்டு விழா, குடியரசு தினம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் "ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம்மூரில் தேர்தல் நடந்தது" என்று ஒரு வரி வரும். கைதட்டல் வாங்கிக்கொண்டு பேச்சாளர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் பத்தில் ஒருவர் சொல்வாரா என்பது சந்தேகம்.

நான் வேலை பார்த்த காலம் முழுவதும் கணிப்பொறிப் பிரிவில் போனது. ஒரு வேலையைப் படிப்படியாக, யாருக்கும் சந்தேகம் வராதபடி எழுதி வைப்பதுதான் எங்கள் தொழில். இதற்கு ஆங்கிலத்தில் அல்காரிதம் என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல் குவாரிஸ்மி என்ற கணித அறிஞரின் பெயர் திரிந்து வந்த சொல் அது. நம் பிளஸ் ஒன் பாடப்புத்தகத்தில் 'நெறிமுறை' என்று போட்டிருக்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு ஒருநாள் உத்திரமேரூர் கல்வெட்டின் வாசகத்தை நிதானமாக வாசித்தபோது, என் கண்ணுக்கு அது தேர்தல் செய்தியாகப் படவில்லை. நன்றாக எழுதப்பட்ட ஒரு நெறிமுறையாகவே பட்டது. அதன் பெயரும் அமைப்பும் எப்படி உருவாயின என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில் வரலாறு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு அடுத்தடுத்து இருக்கின்றன. முதலாவது அவனுடைய 12-ஆம் ஆட்சி ஆண்டு, அதாவது கி.பி. 919. இரண்டாவது 14-ஆம் ஆட்சி ஆண்டு, கி.பி. 921. 1898-ல் இவற்றைப் படியெடுத்தார்கள். தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் வெங்கையா இவற்றை விரிவாக விளக்கினார். பிறகு நீலகண்ட சாஸ்திரியார் ஆராய்ந்து எழுதியதால் உலகம் அறிந்தது.

மேடையில் யாரும் கேட்காத கேள்வி இது: இரண்டே வருஷத்தில் ஏன் இன்னொரு கல்வெட்டு? 919-ல் தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அதிகாரி உடனிருக்க, சபை கூடி விதி செய்தது. 921-ல் சோமாசிபெருமான் என்ற வேறொரு அதிகாரி வந்து உட்கார, அதே சபை அதே விஷயத்துக்கு மறுபடி விதி செய்தது. முதல் விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்து பார்த்து, ஓட்டைகளைக் கண்டு, திருத்தியிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் இதைத் திருத்திய பதிப்பு என்போம். கல்லில் வெட்டிய பிறகும் திருத்தத் தயாராக இருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

இரண்டு பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 919-ல் வயது 30-க்கு மேல் 60-க்குள். 921-ல் 35-க்கு மேல் 70-க்குள் என்று மாறியது. 919-ல் குடத்தில் ஓலை இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்க வேண்டும் என்ற அளவில் செய்முறை முடிந்துவிடுகிறது. 921-ல் அந்த எடுக்கும் வேலை மட்டும் பல படிகளாக விரிகிறது. ஓட்டை எங்கே இருந்தது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

921-ன் செய்முறையைச் சொல்கிறேன். ஊரில் முப்பது குடும்பு. குடும்பு என்றால் இன்றைய வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுத வேண்டும். அந்தக் குடும்பின் ஓலைகளை ஒரு கட்டாகக் கட்டி, மேலே இது எந்தக் குடும்பு என்று சொல்லும் வாயோலை வைக்க வேண்டும். முப்பது கட்டும் ஒரு குடத்துக்குள் போகும். சிறியவர், பெரியவர் எல்லாரும் கூடிய மகாசபை நடக்கும். அன்று ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் சபையில் உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக்காட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே இருப்பது தெரியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டை அவிழ்த்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து சிறுவன் ஓர் ஓலை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான்.

அடுத்த படியைப் படித்தபோது நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். மத்தியஸ்தன் ஓலையை எப்படி வாங்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏந்தி வாங்க வேண்டும். விரல் இடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது அல்லவா! வாங்கியதை அவர் வாசிக்க வேண்டும். பிறகு அங்கே இருக்கும் நம்பிமார் எல்லாரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். அதன் பிறகுதான் அந்தப் பெயர் செல்லும். இப்படியே முப்பது குடும்புக்கும் முப்பது பேர்.

இந்த முப்பதில் தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் ஏற்கெனவே இருந்தவர்கள், கல்வியில் பெரியவர்கள், வயதில் மூத்தவர்கள் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம். அடுத்து பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம். மீதி ஆறு பேர் ஏரி வாரியம். 12, 12, 6, கணக்கு சரியாக முப்பது. 360 நாள் பதவி, பிறகு விலக வேண்டும். குற்றம் செய்தால் அதற்கு முன்பே நீக்கம். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் தனியாக மறுபடி குடவோலை. யார் பட்டியலுக்குள் வரலாம் என்பதைச் சீட்டு தீர்மானிக்கிறது. வந்தவர்களில் மூத்த பொறுப்பு யாருக்கு என்பதை அனுபவம் தீர்மானிக்கிறது. இரண்டு வேலையையும் குழப்பாமல் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

யார் பெயரை எழுதவே கூடாது என்ற பட்டியல் இன்னும் நீளம். முந்தைய மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் கூடாது. அவருடைய பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன், மாமனார் என்று உறவுமுறை சொல்லி ஒவ்வொருவரையும் விலக்குகிறார்கள். கழுதை மேல் ஏற்றப்பட்டவர், பொய்க் கையெழுத்துப் போட்டவர் கூடாது. கணக்குக் காட்டாதவரின் மைத்துனன் உள்ளே வந்து பழைய கணக்கை மூடிவிட்டிருப்பான் என்பது படிக்கும்போதே தெரிகிறது. இவ்வளவு உறவைக் கல்லில் வெட்ட ஆகும் செலவைச் சும்மா செய்ய மாட்டார்கள்.

உள்ளே வரமுடிந்தவர்கள் யார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இது சதுர்வேதிமங்கலம், பிராமணர் ஊர். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும். படிப்பு அதிகம் இருந்தால் அரைக்கால் வேலி போதும். பெண்களுக்கு இடமில்லை. அந்த நிலத்தை உழுதவருக்கும் இடமில்லை. ஜனநாயகம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். செய்முறையின் நேர்த்தி வேறு, அது யாருக்காக இருந்தது என்பது வேறு.

இப்போது பெயருக்கு வருகிறேன். குடம், ஓலை. இரண்டும் கண்ணால் பார்க்கும் பொருள். 'குடவோலை' என்று சொன்னவுடன் என்ன நடக்கப்போகிறது என்று படிக்காதவருக்கும் புரியும். குடத்தில் ஓலை போட்டு எடுக்கும் வழக்கம் சோழர் காலத்துக்கு முன்பே தமிழ்நாட்டில் இருந்தது. அகநானூறு 77-ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் அதை ஓர் உவமையாகவே எடுத்தாள்கிறார். உவமைக்கு ஆகும் அளவுக்கு எல்லாருக்கும் தெரிந்த காட்சி என்று அர்த்தம்.

இதே காரியத்துக்கு நம்மிடம் வேறு பெயர்களும் உண்டு. திருவுளச்சீட்டு என்போம். கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பது போல, முடிவு கடவுளுடையது என்கிறது அந்தப் பெயர். எப்படிச் செய்வது என்று அது சொல்வதில்லை. குலுக்கல் என்போம். அது பல படிகளில் ஒரே ஒரு படியின் பெயர். பொட்டலத்தில் குலுக்கினார்களா, டப்பாவில் குலுக்கினார்களா, யார் எடுத்தார், ஒன்றும் தெரியாது. குடவோலை கருவியைச் சொல்கிறது, திருவுளச்சீட்டு காரணத்தைச் சொல்கிறது, குலுக்கல் செயலைச் சொல்கிறது. எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். கடவுளையும் இழுக்காமல், பாதியோடும் நிறுத்தாமல் பேசுகிறது.

பெயர் எல்லாமே இப்படிப் பிழைத்துவிடுவதில்லை. 'பஞ்சவார வாரியம்' என்ன வேலை செய்தது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஏரி வாரியத்துக்கு விளக்கமே வேண்டாம். நம்மூர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். திரையன் ஏரி என்பதுதான் தேய்ந்து தென்னேரி ஆயிற்று என்பார்கள். திரையன் யாரென்று மறந்துபோனாலும் ஏரி மட்டும் பெயரில் நிற்கிறது. வாரியம் என்ற சொல்லும் தப்பிப் பிழைத்து மின்வாரியம், குடிநீர் வாரியம் என்று நம்மோடு இருக்கிறது. வீட்டுவசதி வாரியத்தில் வீடு ஒதுக்கக் குலுக்கல் நடக்கும்போது வாரியமும் சீட்டும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன.

இனி கொஞ்சம் அமெரிக்கா பக்கம் போய்வர வேண்டும். என் தொழிலில் பெயர் வைப்பதில் பட்ட பாட்டைச் சொன்னால்தான் நம் ஊர்ச் சபையின் அருமை தெரியும்.

சி பிளஸ் பிளஸ் என்று ஒரு கணிப்பொறி மொழி. எழுதுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் வரிசைப்படுத்துவது, தேடுவது, எண்ணுவது போன்றவற்றைப் புதிதாக எழுதாமல் இருக்க, அதனோடு ஒரு பொது நூலகம் கொடுத்திருக்கிறார்கள். அலெக்சாண்டர் ஸ்டெபனோவ் என்பவரும் மெங் லீ என்பவரும் ஹியூலட் பேக்கார்ட் நிறுவனத்தில் இருந்தபோது உருவாக்கிய நெறிமுறைத் தொகுப்பை, 1994 ஜூலையில் அந்த மொழியின் தரக்குழு ஏற்றுக்கொண்டது. 1998-ல் அது முறையான தரமாக வெளிவந்தது. உலகம் முழுக்க எல்லாரும் பயன்படுத்துவது என்பதால் ஒரு பெயரை வைத்துவிட்டால் மாற்றுவது கஷ்டம். கல்லில் வெட்டியது மாதிரிதான்.

அதில் 'ரிமூவ்' என்று ஒரு நெறிமுறை. நீக்கு என்று பொருள். ரேஷன் கடைப் பட்டியலில் இறந்தவர் பெயர்களை நீக்கச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உயிரோடு இருப்பவர் பெயர்களை முன்னால் நகர்த்திவிட்டு, எத்தனையாவது வரியோடு நல்ல பெயர்கள் முடிகின்றன என்று மட்டும் சொல்லும். பட்டியலின் நீளம் குறையாது. வால்பகுதியில் உதவாத வரிகள் அப்படியே இருக்கும். அவற்றை வெட்ட இன்னொரு கட்டளை கொடுக்க வேண்டும். பெயரைப் பார்த்து நம்பிய புதியவர்கள் எத்தனையோ பேர் இதில் இடறினார்கள். இன்னொன்று 'யூனிக்', இரட்டைப் பதிவுகளை ஒதுக்குவது. ஆனால் அடுத்தடுத்து இருக்கும் இரட்டையைத்தான் அது கண்டுகொள்ளும். நடுவே ஒரு பெயர் வந்துவிட்டால் விட்டுவிடும்.

நம் கதைக்கு வேண்டியது மூன்றாவது. 'ரேண்டம் ஷஃபிள்' என்று பெயர். அதாவது சீட்டைக் குலுக்கு. இதில் என்ன தவறு இருக்க முடியும் என்று தோன்றும். கணிப்பொறிக்குத் தானாகக் கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுக்கத் தெரியாது. அதற்கு யாராவது தாறுமாறான எண்களை ஊட்ட வேண்டும். அந்த எண் எங்கிருந்து வரும் என்பதை முதல் தரம் கட்டாயமாகச் சொல்லவில்லை. பயன்படுத்துகிறவர் ஒன்றும் சொல்லாவிட்டால், மொழியைச் செய்துகொடுத்த நிறுவனம் எதையாவது வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பல இடங்களில் ஒரு பழைய, தரம் குறைந்த எண் ஊற்று உள்ளே ஒளிந்துகொண்டு வேலை செய்தது. குலுக்கு என்று சொன்னார்கள், யார் குலுக்குவது என்று சொல்லவில்லை. 2011-ல் 'ஷஃபிள்' என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். அதில் எண் ஊற்று எது என்று நாமே கையில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் வேலை செய்யாது. பழையதை 2014-ல் வேண்டாதது என்று குறித்து, 2017-ல் நூலகத்தை விட்டே எடுத்துவிட்டார்கள். ஒரு கூட்டத்திலிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்களைச் சீட்டுப் போட்டு எடுக்கும் 'சாம்பிள்' என்ற நெறிமுறையும் அதே 2017-ல்தான் நூலகத்துக்கு வந்தது. அதுவும் எண் ஊற்றைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

உத்திரமேரூர்ச் சபை 919-லேயே அந்த ஊற்றின் பெயரைச் சொல்லிவிட்டது: விவரம் அறியாத சிறுவன். தூக்கிக்காட்டுகிறவர் வேறு, எடுக்கிறவன் வேறு, வாசிக்கிறவர் வேறு. ஒருவர் கையில் முழு வேலையும் இல்லை. இன்றைக்கும் சீட்டுக் கம்பெனியில், மாதாந்திரக் குலுக்கல் சீட்டில், "அந்தக் குழந்தையைக் கூப்பிடு" என்று ஒரு குட்டிப் பையனையோ பெண்ணையோ எடுக்கச் சொல்கிறோம். யாரும் சொல்லித்தராமலே அந்த வழக்கம் நம்மிடம் தங்கிவிட்டது.

சிறுவன் மட்டும் போதுமா என்றால், போதாது. 1969 டிசம்பர் 1-ஆம் தேதி வாஷிங்டனில் வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கச் சீட்டுப் போட்டார்கள். வருஷத்தின் 366 பிறந்த தேதிகளும் 366 குப்பிகளில். எந்தத் தேதி முதலில் வருகிறதோ அந்தத் தேதியில் பிறந்த இளைஞன் முதலில் பட்டாளத்துக்குப் போக வேண்டும். முதலில் வந்தது செப்டம்பர் 14. குப்பிகளை ஜனவரி, பிப்ரவரி என்று மாதவாரியாக இட்டுவந்தார்கள். சரியாகக் குலுக்கவில்லை. கடைசியில் போட்டவை மேலேயே தங்கிவிட்டன. வருஷக் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் சராசரியாக முன்னால் அகப்பட்டுக்கொண்டார்கள். எடுத்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள்தான், நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் பயனில்லை. அடுத்த வருஷம் ஜூலையில் முறையை மாற்றினார்கள். தேதிகளுக்கு ஓர் உருளை, வரிசை எண்களுக்கு இன்னோர் உருளை.

இரண்டு உருளை என்று படித்தவுடன் எனக்கு நம் இரண்டு குடம் ஞாபகம் வந்தது. முதல் குடத்தில் கட்டுகள். கட்டுக்குள் ஓலைகள் அடுக்கிய வரிசையிலேயே இருக்கும், எவ்வளவு ஆட்டினாலும் கலையாது. அதனால்தான் கட்டை அவிழ்த்து வேறு குடத்தில் போட்டு மறுபடி குலுக்கச் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். முப்பது குடும்பும் எப்படியும் வரப்போகிறது, அப்படியிருக்க எந்தக் கட்டு முதலில் என்பதையும் சிறுவனிடம் விடுவானேன்? அடுத்தது எந்தக் குடும்பு என்று முன்கூட்டித் தெரிந்தால் அந்தக் குடும்பின் ஆள் தயாராக நிற்பான். தெரியாவிட்டால் நிற்க முடியாது. இது என் ஊகம், தொழில் புத்தி.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியவில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 65. இரண்டு வேட்பாளர்கள் சரிசமமாக ஓட்டு வாங்கிவிட்டால் தேர்தல் அதிகாரி சீட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். சீட்டு விழுந்தவருக்கு ஓர் ஓட்டு கூடக் கிடைத்ததாகக் கணக்கு. எம்.எல்.ஏ., எம்.பி. பதவிக்கே இதுதான் விதி. அந்தப் பிரிவைத் தேடிப் படித்துப் பாருங்கள். சீட்டை எதில் போடுவது, யார் எடுப்பது, எப்படிக் காட்டுவது, அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை கிடையாது. தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டப்படி 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பம் அதிகமாக வந்தாலும் நம் மாநிலத்தில் குலுக்கல்தான். ஒரு ஏழைக் குழந்தையின் படிப்பு அதில் இருக்கிறது. சில வருஷம் முன்பு ஒரு மனை ஒதுக்கீட்டுக் குலுக்கலுக்குப் போயிருந்தேன். பிளாஸ்டிக் டப்பாவில் சீட்டுகளைப் போட்டு இரண்டு ஆட்டு ஆட்டினார்கள். போட்டவரே எடுத்தார், எடுத்தவரே வாசித்தார், வாசித்த சீட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யாருக்கும் காட்டவில்லை. கேட்டதற்கு, "நம்பிக்கை இல்லையா சார்?" என்றார்.

அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். சபையிலிருந்த நம்பிமாரும் நேர்மையானவர்கள்தான், இல்லாவிட்டால் கோயிலை ஒப்படைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் எல்லாரும் ஓலையை வாசிக்க வேண்டும் என்று விதி வைத்தபோது யாரும் முகம் சுளித்ததாகக் கல்வெட்டில் இல்லை.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: கோயில் உத்திரமேரூர் ஊருக்குள்ளேயே இருக்கிறது. மண்டபத்தின் அடிச்சுவர்தான் பக்கம், கல்தான் காகிதம். எழுத்து பழைய எழுத்து, நடுவே கிரந்தமும் வரும். படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போனால் நல்லது. 921 கல்வெட்டின் கடைசியில், சபையில் இருந்த பெருமக்கள் பணிக்க இந்த ஏற்பாட்டை எழுதினேன் என்று மத்தியஸ்தன் தன் பெயரைச் சொல்கிறார். காடாடிப் போத்தன் சிவக்குறி இராசமல்ல மங்கலப்பிரியன். உள்ளங்கையை விரித்து ஓலையை வாங்க வேண்டியவரும் ஒரு மத்தியஸ்தன்தான்.